ஒரு கல் சிறுகோள் எவ்வளவு நேரத்தில் தன்னைச் சுற்றுகிறது? அளந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையில் 10 கி.மீ. குறுக்களவுள்ள ஒரு கல் சிறுகோள் நமக்கு மிக அருகே வரும்போதும் ஏறத்தாழ 20 கோடி கி.மீ. தொலைவில் இருக்கும். அங்கிருந்து அதன் உருவம் ஒரு வில்விநாடியில் (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நூறில் ஒரு பங்குதான். தரையிலுள்ள சிறிய தொலைநோக்கி எதிலும் அது ஒரு புள்ளியாகவே தெரியும். ஆனால் அந்தப் புள்ளியின் ஒளி நிலையாக இருப்பதில்லை. கோணல்மாணலான கல் சுழலும்போது அகன்ற பக்கம் நம்மை நோக்கினால் ஒளி கூடும், கூர்முனை நோக்கினால் குறையும். நேரத்துக்கு எதிராக ஒளியை வரைந்தால் கிடைப்பது ஒளி வளைகோடு. 433 ஈரோஸ் என்ற சிறுகோளின் ஒளி ஏறி இறங்குவதை வானியலாளர் ஓப்போல்சர் 1901-இல் கவனித்ததிலிருந்து இந்த முறை வழக்கில் இருக்கிறது. 200 மி.மீ. தொலைநோக்கி வைத்திருப்பவர் இன்று இதில் உண்மையான அறிவியல் பங்களிப்பைச் செய்ய முடியும்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுழற்சிக் காலத்தை மென்பொருள் ஒரு நொடியில் சொல்லிவிடும். அது சரியான எண்தானா என்று நிறுவுவதுதான் வேலை. கீழேயுள்ள படிகளில் பாதிக்கு மேல் அதற்கானவையே.

கோளைத் தேர்ந்தெடுத்தல்

இனி கோள் என்று சுருக்கமாகச் சொல்வதெல்லாம் சிறுகோளையே. கல் சிறுகோள் என்பது எஸ் வகை. ஆலிவின், பைராக்சீன் முதலிய சிலிகேட் கனிமங்களும் நிக்கல்-இரும்பும் கலந்தது. பட்டையின் உட்பகுதியில், அதாவது சூரியனிலிருந்து 2.1 முதல் 2.5 வானியல் அலகு வரை (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு), இவையே அதிகம். ஃப்ளோரா என்ற சிறுகோள் குடும்பம் அங்கேதான் இருக்கிறது. ஜப்பானின் ஹயபூசா விண்கலம் 2010-இல் இட்டோகாவா சிறுகோளிலிருந்து கொண்டுவந்த துகள்கள், பூமியில் விழும் சாதாரணக் காண்டிரைட்டு விண்கற்களும் எஸ் வகைச் சிறுகோள்களும் ஒரே பொருள் என்று காட்டின.

உங்களுக்குத் தேவையான முதல் எண் தனிப் பொலிவெண். பொலிவெண் என்பது ஒளியின் அளவு, எண் கூடினால் மங்கல் என்று பொருள். சூரியனிலிருந்தும் பூமியிலிருந்தும் ஓர் அலகுத் தொலைவில் வைத்துப் பார்த்தால் கோளுக்கு இருக்கும் பொலிவெண்ணே தனிப் பொலிவெண். எச் என்று குறிப்பார்கள். சிறுகோள் மையத்தின் பட்டியலிலும் நாசாவின் ஜேபிஎல் ஹொரைசன்ஸ் இணையக் கணிப்பிலும் இது கிடைக்கும். இதிலிருந்து குறுக்களவைக் கணிக்கலாம்: 1329-ஐ எதிரொளிதிறனின் (விழும் ஒளியில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பதன்) வர்க்கமூலத்தால் வகுத்து, 10-இன் அடுக்கு (கழித்தல் எச் வகுத்தல் 5) என்பதால் பெருக்கினால் விடை கி.மீ.-இல் வரும். எச் 12.5, எதிரொளிதிறன் 0.20 என்றால் குறுக்களவு 9.4 கி.மீ. அதே எச் உள்ள கோள் கரிவகையாக இருந்து எதிரொளிதிறன் 0.05 மட்டுமே என்றால் 18.8 கி.மீ. வகையைத் தவறாக எடுத்துக்கொண்டால் அளவு இரட்டிப்பாகிவிடுகிறது. ஆகவே எதிரொளிதிறன் அளக்கப்பட்டதா, வெறும் ஊகமா என்று பார்த்தபின் அளவைச் சொல்லுங்கள்.

அடுத்தது, எவ்வளவு மங்கலாகத் தெரியும் என்பது. சூரியனிலிருந்து கோளின் தொலைவையும் பூமியிலிருந்து அதன் தொலைவையும் வானியல் அலகில் பெருக்கி, அதன் மடக்கையை 5-ஆல் பெருக்கி, எச்சுடன் கூட்டுங்கள். மேற்படி கோள் சூரியனிலிருந்து 2.3, நம்மிடமிருந்து 1.3 அலகு தொலைவில் இருந்தால் 14.9 வரும். கோளிலிருந்து பார்க்கச் சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான கட்டக் கோணம் 5 பாகை என்றால் இன்னும் 0.37 மங்கும். ஆக 15.2 அல்லது 15.3. இருட்டான வானில் 200 மி.மீ. தொலைநோக்கிக்கு இது வசதியான இலக்கு. 16-ஐத் தாண்டினால் 300 மி.மீ. வேண்டும்.

கோள் எதிர்நிலைக்கு (நமக்குச் சூரியனின் நேர் எதிர்ப்பக்கத்துக்கு) வரும் நாளையொட்டி இரண்டு வாரம் முன்னும் பின்னும் சிறந்த காலம். ஜூன், ஜூலையிலும் டிசம்பரிலும் எதிர்நிலைக்கு வரும் கோள்கள் பால்வழியின் ஊடே போகும். முன்னவை தனுசுப் பகுதியில், பின்னவை ரிஷபம், மிதுனம் பகுதியில் இருக்கும். அடர்ந்த விண்மீன் கூட்டத்தில் அளப்பது நரகம். தொடங்குபவர்கள் அந்த மாதங்களை விட்டுவிடுவது நல்லது.

முதல் முயற்சியைக் காலம் தெரிந்த கோளிலேயே செய்யுங்கள். 243 ஐடா 4.63 மணி நேரத்தில் ஒருமுறை சுழல்கிறது, ஒளி ஏற்ற இறக்கமும் பெரியது. 951 காஸ்ப்ராவுக்கு 7.04 மணி. இரண்டும் எஸ் வகை. இரண்டையும் கலிலியோ கலம் அருகிலிருந்து படமெடுத்திருக்கிறது: காஸ்ப்ராவை 1991 அக்டோபர் 29-இல், ஐடாவை 1993 ஆகஸ்ட் 28-இல். காஸ்ப்ராவின் உருவம் ஏறத்தாழ 18 × 10.5 × 9 கி.மீ. உங்கள் வளைகோட்டின் மேடுபள்ளத்தை அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், புள்ளியிலிருந்து உருவம் எப்படி வருகிறது என்பது ஒரே இரவில் மனத்தில் பதிந்துவிடும்.

கருவிகள்

200 மி.மீ. துளை, 1000 மி.மீ. குவியத் தூரம் உள்ள பிரதிபலிப்பான். விண்மீனைப் பின்தொடரும் நிலநடுக்கோட்டுத் தாங்கி. குளிரூட்டப்பட்ட கருப்பு-வெள்ளை சிமாஸ் கேமரா. இவை போதும். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சல் எத்தனை வில்விநாடி என்று தெரியும். 3.76 மைக்ரான் பிக்சலுக்கு அது 0.78. விண்மீன் பிம்பத்தின் பாதி உயர அகலம் (உச்ச ஒளியில் பாதி இருக்கும் இடத்தில் அளந்த அகலம்) வழக்கமாக 3 வில்விநாடி இருக்கும். அதில் இரண்டு மூன்று பிக்சல் விழுந்தால் போதும். எனவே 2 × 2 என இணைத்து 1.55 ஆக்கிக்கொள்ளலாம்.

படத்தின் புலம் குறைந்தது 30 வில்நிமிடம் இருக்கட்டும். பட்டைச் சிறுகோள் எதிர்நிலையில் நாளொன்றுக்குச் சுமார் 15 வில்நிமிடம் நகரும். புலம் சிறிதாக இருந்தால் ஒவ்வோர் இரவும் ஒப்பீட்டு விண்மீன்கள் (கோளின் ஒளியை ஒப்பிட்டு அளக்க எடுப்பவை) மாறிவிடும், இரவுகளை இணைப்பது அந்த அளவுக்குக் கடினமாகும்.

வடிகட்டி பற்றிப் பலர் குழம்புகிறார்கள். காலம் மட்டும் வேண்டுமென்றால் தெளிந்த வடிகட்டியே நல்லது, ஒளி முழுதாகக் கிடைக்கும். தனிப் பொலிவெண்ணையும் துல்லியமாக அளக்க நினைத்தால் ஸ்லோன் ஆர் அல்லது வி என்ற நிற வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். ஒளி இழப்பை நேரத்தால் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

படம் எடுத்தல்

எதிர்நிலையில் கோளின் நகர்வு நிமிடத்துக்கு 0.6 வில்விநாடி. ஒரு படத்துக்குள் அது பாதி உயர அகலத்தில் பாதிக்கு மேல் நகரக் கூடாது. 3 வில்விநாடிப் பிம்பத்தில் அது இரண்டரை நிமிடம். ஆகவே 120 விநாடி சரியான தேர்வு. 15.2 பொலிவெண்ணுக்கு 200 மி.மீ. தொலைநோக்கியில் தெளிந்த வடிகட்டியோடு சமிக்ஞை-இரைச்சல் விகிதம் 100-ஐ ஒட்டி வரும். 1.09-ஐ அந்த விகிதத்தால் வகுத்தால் பிழை: 0.011 பொலிவெண். விகிதம் 50-க்குக் கீழே போனால் பிழை 0.02-ஐத் தாண்டும். 0.1 ஏற்ற இறக்கம் மட்டுமே உள்ள கோளில் அது வளைகோட்டை விழுங்கிவிடும்.

தாங்கி விண்மீன் வேகத்திலேயே ஓடட்டும். கோளைப் பின்தொடர வைத்தால் கோள் புள்ளியாகவும் விண்மீன்கள் கோடாகவும் விழும், ஒப்பீடு கெடும்.

ஓர் இரவின் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. கணினிக் கடிகாரத்தை இணைய நேரச் சேவையகத்தோடோ ஜிபிஎஸ்ஸோடோ ஒத்திசையுங்கள். ஒரு விநாடித் துல்லியம் போதும். கோப்பில் பதிவது உலகப் பொது நேரமா, உள்ளூர் நேரமா என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். இங்கே தவறினால் பின்னால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

2. அந்தி வெளிச்சத்தில் 20 ஃபிளாட் படங்கள் (புலத்தின் ஒளிச் சீரின்மையைத் திருத்த உதவும் வெற்று வானப் படங்கள்) எடுங்கள். ஒளி அளவு கேமராவின் முழுக் கொள்ளளவில் பாதியளவு இருக்கட்டும். படங்களுக்கு இடையே தொலைநோக்கியைச் சற்று நகர்த்துங்கள், விண்மீன் விழுந்தாலும் சராசரியில் மறைந்துவிடும்.

3. ஹொரைசன்ஸ் தரும் இடத்துக்குத் திருப்பி, 30 நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். நகரும் புள்ளிதான் உங்கள் கோள்.

4. கோள் 30 பாகை உயரத்தைத் தாண்டியதும் தொடங்கி, மீண்டும் 30 பாகைக்குக் கீழே இறங்கும்வரை நிறுத்தாமல் எடுங்கள். 5 அல்லது 6 மணி நேரத் தொடர் எடுத்தால் நல்லது.

5. மணிக்கொரு முறை குவியத்தைச் சரிபாருங்கள். வெப்பநிலை இறங்கும்போது குழாய் சுருங்கும், பிம்பம் விரியும்.

6. முடிவில் அதே வெப்பநிலையில், அதே 120 விநாடிக்கு 20 டார்க் படங்கள் (ஒளி புகாமல் மூடி எடுப்பவை).

ஜெர்மன் வகைத் தாங்கி உச்சிக்கோட்டைத் தாண்டும்போது குழாயைத் திருப்பும். அதன்பின் கோள் உணரியின் வேறு மூலையில் விழும். ஃபிளாட் சரியில்லையென்றால் அந்த இடத்தில் வளைகோடு 0.02, 0.03 என்று படியிறங்கும். உச்சிக்கோட்டு நேரத்தில் திடீர்ப் படி தெரிந்தால் முதலில் ஃபிளாட்டைச் சந்தேகியுங்கள். நிலவு 30 பாகைக்குள் இருக்கும் இரவுகளைத் தவிருங்கள். அது தரும் சாய்வான பின்னணி ஒளி, நீண்ட காலச் சுழற்சி போலவே நடிக்கும்.

ஒளியை அளத்தல்

டார்க், ஃபிளாட் திருத்தம் முடிந்த படங்களை டைகோ டிராக்கர், எம்பிஓ கனோபஸ் போன்ற மென்பொருளில் ஏற்றுங்கள். அளவு வட்டத்தின் ஆரம் பாதி உயர அகலத்தின் இரண்டு மடங்கு. பின்னணி வளையம் நாலு மடங்கில் தொடங்கி ஆறில் முடியட்டும். வளையத்தின் பின்னணிக்குச் சராசரியை விட இடைநிலை மதிப்பை எடுங்கள். அதனுள் ஒரு மங்கிய விண்மீன் விழுந்தாலும் பெரிதாகப் பாதிக்காது.

ஒப்பீட்டு விண்மீன்கள் ஐந்து. அவை கோளை விட ஓரளவு பிரகாசமாக, சூரியனை ஒத்த நிறத்தில் இருக்க வேண்டும். எஸ் வகைக் கோளின் பி கழித்தல் வி நிறக்குறியீடு (நீல, பச்சை வடிகட்டிகளில் அளந்த பொலிவெண்களின் வேறுபாடு) 0.85 அளவில் இருக்கும், சூரியனுக்கு 0.65. 0.5-க்கும் 0.95-க்கும் நடுவே உள்ளவற்றையே எடுங்கள். நீலமான விண்மீனை எடுத்தால், கோள் அடிவானத்தை நோக்கி இறங்கும்போது வளிமண்டலம் இரண்டையும் வேறுவேறு அளவில் மங்கச் செய்யும். வளைகோட்டின் கடைசி மணி நேரம் மெல்லச் சாயும். அட்லஸ், பான்-ஸ்டார்ஸ் என்ற விண்மீன் அட்டவணைகளின் பொலிவெண்களை எடுத்தால் இரவுகளுக்கிடையே 0.02, 0.03 அளவுக்குள் பொருந்திவிடும். ஐந்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியே ஏறி இறங்கினால் அது மாறொளி விண்மீன், நீக்கிவிடுங்கள்.

கோள் ஒரு மங்கிய விண்மீனுக்கு மேலாகக் கடக்கும்போது ஒளி கூடுவது போலத் தோன்றும். 12 வில்விநாடி அகல அளவு வட்டத்தை நிமிடத்துக்கு 0.6 வேகத்தில் கடக்க 20 நிமிடம் ஆகும். எனவே 20 நிமிடம் நீடித்து மறையும் மேடு எதுவாயினும், அந்த இடத்தை ஆழமான வான்படத்தில் பாருங்கள். விண்மீன் இருந்தால் அந்தப் புள்ளிகளைத் தயங்காமல் நீக்குங்கள். வளைகோட்டில் ஓர் இடைவெளி இருப்பது பொய்யான மேடு இருப்பதை விடப் பன்மடங்கு மேல்.

இரவுகளை ஒன்றாக்குதல்

மூன்று திருத்தங்கள். முதலாவது ஒளி பயணிக்கும் நேரம்: ஒரு வானியல் அலகுக்கு 499 விநாடி. 1.3 அலகு என்றால் 10.8 நிமிடம். ஒவ்வொரு படத்தின் நடு நேரத்திலிருந்தும் அதைக் கழியுங்கள். இரண்டாவது தொலைவு: 5 மடக்கை (சூரியத் தொலைவு × பூமித் தொலைவு) என்பதைக் கழித்து, கோளை ஓர் அலகுத் தொலைவுக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாவது கட்டக் கோணம்: எச்-ஜி முறையில் (கோணம் கூடக் கூடக் கோள் எப்படி மங்குகிறது என்பதை ஜி என்ற எண் குறிக்கும்), எஸ் வகைக்கு ஜி 0.24 என்று வைத்து எல்லா இரவுகளையும் ஒரே கோணத்துக்கு மாற்றுங்கள். கோணம் 5 பாகைக்குக் கீழே வரும்போது கோள் சட்டென்று பிரகாசிக்கும், அங்கே இந்தத் திருத்தத்தில் கவனம் வேண்டும். இதன் பிறகும் இரவுகளுக்கிடையே 0.05-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒப்பீட்டு விண்மீன்களில் கோளாறு இருக்கிறது. வளைகோடு அழகாக வரும்வரை இரவுகளை மேலும் கீழும் தள்ளி வைப்பதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படித் தள்ளினால் எந்தக் காலத்தையும் பொருத்திவிட முடியும்.

காலத்தைக் கண்டுபிடித்து, அதை நிறுவுதல்

மென்பொருள் ஒவ்வொரு காலத்துக்கும் ஃபூரியர் தொடரை (அலைகளைக் கூட்டி அமைக்கும் வளைகோட்டை) பொருத்தி எஞ்சும் பிழையைக் காட்டும். நாலாம் வரிசையில் தொடங்குங்கள், 2 முதல் 24 மணி வரை தேடுங்கள். 200 மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்கள் 2.2 மணியை விட வேகமாகச் சுழல்வது மிக அரிது. அவை பெரும்பாலும் ஈர்ப்பால் மட்டும் ஒன்றுசேர்ந்த கற்குவியல்கள் என்பதால் அதைவிட வேகமாகச் சுழன்றால் சிதறும். 10 கி.மீ. கோளுக்கு 1.6 மணி என்று விடை வந்தால் உண்மைக் காலம் அநேகமாக 3.2 மணி.

இதுதான் முதல் பொறி: பாதிக் காலம். நீள்வட்ட உருவக் கல் ஒரு சுற்றில் இருமுறை அகன்ற பக்கத்தைக் காட்டும். ஆகவே இரண்டு உச்சம், இரண்டு தாழ்வு. கணினிக்கு இது தெரியாது. இரண்டு உச்சமும் ஏறத்தாழ ஒரே உயரமாக இருந்தால் பாதிக் காலத்தையே அது விரும்பும். ஏற்ற இறக்கம் 0.3-க்கு மேல், கட்டக் கோணமும் சிறியது என்றால் இரண்டு உச்ச விடையை நம்பலாம். 0.15-க்குக் கீழே இருந்தால் அந்த நம்பிக்கை செல்லாது. ஒரு உச்சம், மூன்று உச்சம் எல்லாமே நடக்கக்கூடியவை. உச்சங்களின் உயர வேறுபாடு உங்கள் பிழையை விடப் பெரிதா என்று பார்ப்பதே நேர்மையான சோதனை.

இரண்டாவது பொறி இன்னும் மோசமானது. நாம் இரவில் மட்டுமே பார்க்கிறோம். இரண்டு இரவுகளுக்கிடையே கோள் எத்தனை முறை சுழன்றது என்பது நமக்குத் தெரியாது. உண்மைக் காலம் 5.20 மணி என்று வையுங்கள். ஒரு நாளில் 4.615 சுற்று. இரு உச்சமும் ஒத்திருந்தால் அரைச் சுற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ எண்ணினாலும் வளைகோடு பொருந்திவிடும்: 5.115 சுற்று என்றால் 4.69 மணி, 4.115 சுற்று என்றால் 5.83 மணி. மூன்று விடையும் திரையில் ஒரே அழகோடு நிற்கும். இதை உடைக்க மூன்று வழிகள் உண்டு. ஒரே இரவில் முழுச் சுற்றுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் ஒரே உச்சம் திரும்பி வரும் நேரம் நேரடியாகத் தெரியும். அடுத்தடுத்த இரவுகளில், ஒன்றில் மாலையிலும் மற்றதில் பின்னிரவிலும் எடுத்தால் இடைவெளி 24 மணியாக இருக்காது. எல்லாவற்றிலும் வலிமையானது, வேறு தீர்க்கரேகையில் இருக்கும் ஒருவரோடு சேர்ந்து அளப்பது. காலம் 6, 8, 12 மணியை ஒட்டி இருக்கும் கோள்களுக்கு அது தவிர வேறு வழியே இல்லை, ஏனென்றால் ஒரே இடத்திலிருந்து ஒவ்வோர் இரவும் அதே முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அடுத்தடுத்து மூன்று இரவு, பிறகு ஒரு வாரம் பத்து நாள் கழித்து இன்னோர் இரவு. இதுதான் நல்ல திட்டம். முதல் மூன்று சுற்று எண்ணிக்கையை உறுதி செய்யும், கடைசி இரவு துல்லியம் தரும். வளைகோட்டை 0.02 சுற்று அளவுக்குப் பொருத்த முடிகிறது என்றால், காலத்தின் பிழை = காலத்தின் வர்க்கம் × 0.02 ÷ மொத்த இடைவெளி. 5.20 மணிக்கு, 10 நாள் இடைவெளியில் அது 0.002 மணி. மென்பொருள் 5.20137 என்று ஐந்து தசமம் காட்டும். அதையெல்லாம் எழுதாதீர்கள், 5.201 ± 0.002 என்பதே உங்கள் விடை.

துணைக்கோள் இருந்தால்

உட்பட்டையில் 10 கி.மீ.-க்குச் சிறிய கோள்களில் ஏறத்தாழ ஏழில் ஒன்றுக்குத் துணைக்கோள் இருக்கிறது. 2.2 முதல் 4 மணிக்குள் சுழன்று, ஏற்ற இறக்கம் 0.2-க்குக் குறைவாக உள்ள கோள் என்றால் கண்கொத்திப் பாம்பாக இருங்கள். நல்ல வளைகோட்டில் ஓர் இரவு மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் ஒளி 0.05 அல்லது 0.1 இறங்கினால் கோளும் துணையும் ஒன்றையொன்று மறைப்பதாக இருக்கலாம். சுழற்சியின் வளைகோட்டைக் கழித்துவிட்டு எஞ்சியதில், 10 முதல் 50 மணி வரையிலான இரண்டாவது காலத்தைத் தேடுங்கள். துணை முற்றிலும் மறையும்போது இறக்கம் 0.08 என்றால், அதன் குறுக்களவு முதன்மைக் கோளில் 0.28 பங்கு.

எல்லாத் துணையும் இப்படிச் சிக்காது. ஐடாவின் டாக்டில் 1.4 கி.மீ.தான், அதன் ஒளி ஐடாவினுடையதில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. வளைகோட்டில் அதைக் காணவே முடியாது. மறுபுறம், நாசாவின் லூசி கலம் 2023 நவம்பர் 1-இல் கடந்த டிங்கினேஷின் கதையைப் பாருங்கள். குறுக்களவு ஒரு கி.மீ.-கூட இல்லாத எஸ் வகைக் கோள் அது. தரையிலிருந்து எடுத்த வளைகோடு சுமார் 52.7 மணி என்ற நீண்ட காலத்தைக் காட்டியது. அருகே போனபோதுதான், அது செலாம் என்ற துணை சுற்றிவரும் காலம் என்பதும் டிங்கினேஷ் உண்மையில் 3.74 மணியில் சுழல்கிறது என்பதும் தெரிந்தன. வளைகோட்டில் இருந்த காலம் உண்மையானதுதான். எதனுடைய காலம் என்பதுதான் வேறாக இருந்தது.

உருவமும் பதிவும்

ஏற்ற இறக்கத்திலிருந்து நீள அகல விகிதத்தைச் சொல்லும் முன், கட்டக் கோணத்தின் விளைவை நீக்க வேண்டும். எஸ் வகைக்கு, அளந்த ஏற்ற இறக்கத்தை (1 + 0.03 × பாகையில் கோணம்) என்பதால் வகுங்கள். 20 பாகையில் 0.40 அளந்திருந்தால் உண்மையில் 0.25. பின் 10-இன் அடுக்கு 0.4 × 0.25, அதாவது 1.26. நீளம் அகலத்தைப் போல் குறைந்தது 1.26 மடங்கு. "குறைந்தது" என்ற சொல் முக்கியம். துருவத்தை நோக்கிப் பார்த்தால் எவ்வளவு நீண்ட கல்லும் ஒளி மாறாமல் சுழலும். அடுத்த எதிர்நிலையில், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து, வேறு கோணத்திலிருந்து அளந்தால் 0.6 வரலாம். நாலைந்து எதிர்நிலைகளின் வளைகோடுகள் சேர்ந்தால்தான் அச்சின் திசையையும் முழு உருவத்தையும் கணிக்க முடியும்.

அதனால்தான் உங்கள் அளவீடுகள் பொதுவில் சேர வேண்டும். ஆல்க்டெஃப் என்ற ஒளி வளைகோட்டுத் தரவு வடிவத்தில் ஒவ்வொரு புள்ளியின் ஜூலியன் நாள் (வானியலில் நாட்களைத் தொடர்ந்து எண்ணும் எண்), பொலிவெண், பிழை ஆகியவற்றைப் பதிவேற்றுங்கள். ஒளிப் பயண நேரத்தைக் கழித்தீர்களா இல்லையா என்பதைக் கோப்பின் தலைப்பில் மறவாமல் குறியுங்கள். முடிவை மைனர் பிளானட் புல்லட்டின் என்ற இதழுக்குக் கட்டுரையாக அனுப்பலாம். அங்கே வெளியாகும் காலங்கள் சிறுகோள் ஒளி வளைகோட்டுத் தரவுத்தளத்தில் தரக் குறியீட்டோடு சேர்கின்றன: 3 என்றால் ஐயமில்லை, 2 என்றால் வேறு விடைக்கும் இடமுண்டு, 1 என்றால் தவறாகவே இருக்கலாம். 5.20 மணியோடு 4.69-உம் பொருந்துகிறது என்றால் இரண்டையும் வரைந்து அனுப்புங்கள். அடுத்த எதிர்நிலையில் அந்தக் கோளை எடுத்துக்கொள்பவர் எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதை அந்த இரண்டு வரைபடங்களிலிருந்தே முடிவு செய்வார்.